தலைவர்களின் பரிசும் பத்திரிகைகளின் சத்தமும்: கடை பெஞ்சில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். சுற்றுத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வருகிறவர்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து நாளிதழைப் புரட்டிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள். 2025 மே மாதம் எங்கள் சூ நெகாரா விலங்குப் பூங்காவின் பாண்டாக்கள் சீனாவுக்குத் திரும்பின. அதே மாதம் கத்தார் கொடுத்த விமானத்தை அமெரிக்கா வாங்கிக்கொண்டது. அதுமுதல் நாட்டுத் தலைவர்கள் கொடுத்து வாங்கும் பரிசுகளைப் பற்றி ஒரே மாதிரிக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. நான் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். கேள்விகள் எல்லாம் கேட்டவர்கள் கேட்டபடியே.

அக்கா, அரசுமுறைப் பரிசுன்னா என்ன? பிரதமருக்கு யார் என்ன கொடுத்தாலும் அதுல சேருமா?

சேராது. ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டுத் தலைவருக்குத் தன் நாட்டின் பெயரால் கொடுப்பதுதான் அரசுமுறைப் பரிசு. கட்சிக் கிளைத் தலைவர் போடும் பொன்னாடையும் கம்பெனிக்காரர் அனுப்பும் தீபாவளி ஹேம்பரும் வேறு கணக்கு.

நம் நாட்டிலிருந்து போவது பெரும்பாலும் கெரிஸ் குத்துவாள், சொங்கெட் ஜரிகைத் துணி, பாத்தேக் துணி, பியூட்டர் உலோகச் சாமான்கள். என்ன கொடுக்கப்போகிறோம் என்பதை இரு நாட்டு அதிகாரிகளும் பெரும்பாலும் முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். படத்தில் தலைவர் ஆச்சரியப்படுவது போல் தெரிந்தாலும் பெட்டிக்குள் இருப்பது பலருக்கு முன்பே தெரிந்ததுதான்.

நாட்டுல விலைவாசி ஏறிக் கிடக்கு. இதையெல்லாம் ஏன் முதல் பக்கத்துல போடுறாங்க?

தலைவர்கள் பேசுவது மூடிய அறைக்குள். வெளியே வருவது "இருதரப்பு உறவை வலுப்படுத்த இணக்கம்" என்ற கூட்டறிக்கை. அதை வைத்து எந்த ஆசிரியரும் முதல் பக்கத்தை நிரப்ப முடியாது. பரிசுக்குப் படம் இருக்கிறது, விலை இருக்கிறது. தகுமா தகாதா என்று படிக்கிறவர்கள் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாம்.

இதை வெட்டிச் செய்தி என்று நினைக்காதீர்கள். 1979 அக்டோபரில் பிரான்சின் "ல கனார் ஆன்ஷெனே" என்ற வார இதழ், அதிபர் ஜிஸ்கார் டெஸ்டாங் நிதியமைச்சராக இருந்தபோது மத்திய ஆப்பிரிக்கத் தலைவர் பொகாசாவிடம் வைரங்கள் வாங்கினார் என்று எழுதியது. முதலில் சொன்ன மதிப்பு மிகை என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் அதிபர் வாரக்கணக்கில் நேரான பதில் தராமல் இழுத்தடித்ததை மக்கள் மறக்கவில்லை. 1981 தேர்தலில் அவர் தோற்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. அவ்வளவு கனமான செய்தியும் ஒரு பரிசிலிருந்து கிளம்பியிருக்கிறது.

ஒபாமா டிவிடி கொடுத்தாராமே, அதுக்கா இங்கிலாந்துப் பேப்பரெல்லாம் குதிச்சது?

ஆமாம், 2009 மார்ச்சில். பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் வாஷிங்டன் போனபோது, அடிமை வியாபாரத்தைத் தடுக்க ஓடிய கேனட் என்ற பழைய கடற்படைக் கப்பலின் மரத்தில் செய்த பேனா தாங்கியைக் கொண்டுபோனார். காரணமாகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்க அதிபரின் மேசையே ரெசலூட் என்ற பிரிட்டிஷ் கப்பலின் மரத்தில் செய்தது. 1880இல் விக்டோரியா ராணி அனுப்பியது. அந்த மேசைமேல், முதல் கறுப்பின அதிபரின் கையருகில், அடிமை வியாபாரத்தை எதிர்த்த கப்பலின் மரம் இருக்கும். கூடவே ரெசலூட் கப்பலின் ஆணைப் பத்திரத்தைச் சட்டம் போட்டும், சர்ச்சிலின் வாழ்க்கை வரலாற்றின் ஏழு தொகுதி முதற்பதிப்பையும் கொடுத்தார்கள்.

பதிலுக்கு வந்தது 25 அமெரிக்கப் படங்கள் அடங்கிய டிவிடி பெட்டி. அவை பிரிட்டன் கருவிகளில் ஓடாத வகை என்றும் பத்திரிகைகள் எழுதின. ஒபாமாவின் மகள்களுக்குப் பிரவுன் வீட்டார் உடைகள் வாங்கிப்போக, பிரவுனின் பிள்ளைகளுக்கு அதிபர் ஹெலிகாப்டரின் பொம்மை கிடைத்தது. அதையும் விடாமல் எழுதினார்கள்.

அந்தக் கோபத்துக்கு டிவிடி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. புஷ் காலத்தில் பிரிட்டன் இரவல் கொடுத்திருந்த சர்ச்சில் சிலை அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் அதிபர் அறையிலிருந்து தூதரகத்துக்குத் திரும்பியிருந்தது. வழக்கமாக இரு நாட்டுக் கொடிகளோடு நடக்கும் பெரிய செய்தியாளர் கூட்டமும் பிரவுனுக்குக் கிடைக்கவில்லை. "நம்மை மதிக்கிறார்களா?" என்று ஏற்கனவே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பரிசைப் பற்றிய செய்தி அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால், அதே வாரத்தில் அந்த நாட்டில் வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். பாதி விடை அங்கே கிடைக்கும்.

அப்போ விலை கூடின பரிசா கொடுத்தா பேப்பர்காரங்க வாய மூடிக்குவாங்களா?

இன்னும் பெரிதாகத் திறப்பார்கள். கத்தார் கொடுத்த போயிங் 747-8 விமானத்தின் மதிப்பு ஏறத்தாழ 40 கோடி அமெரிக்க டாலர் என்று சொல்லப்பட்டது. அமெரிக்க அரசியல் சட்டப்படி, நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் அதிபர் வெளிநாட்டு அரசிடம் பரிசு பெறக்கூடாது. டிரம்ப் தரப்பு, விமானம் தற்காப்புத் துறைக்குத்தான் வருகிறது என்றது. அவர் பதவி முடிந்ததும் அது அவருடைய அதிபர் நூலக அமைப்புக்குப் போகும் என்ற பேச்சும் கூடவே வந்ததால் விவாதம் அடங்கவில்லை.

சில சமயம் ஒரே பரிசு இரண்டு விதமான செய்தியாகும். 2023 ஜூனில் இந்தியப் பிரதமர் மோடி, அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்கு ஆய்வகத்தில் உருவாக்கிய 7.5 கேரட் வைரம் கொடுத்தார். இந்திய ஊடகங்கள் சுற்றுச்சூழலுக்கு உகந்த வைரம் என்று கொண்டாடின. 2025 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பட்டியல் வந்தபோது அதே வைரம் 20,000 டாலர் மதிப்புள்ள, 2023ஆம் ஆண்டின் மிக விலையுயர்ந்த பரிசுகளில் ஒன்றாகத் தலைப்பில் ஏறியது. கல் மாறவில்லை, முதலில் எழுதியவர்கள் கைவேலையைப் பார்த்தார்கள், பிறகு எழுதியவர்கள் கணக்கைப் பார்த்தார்கள்.

தங்கக் கிரீடம் கொடுத்த கொரியாவை ஏன் கிண்டல் பண்ணாங்க?

டிவிடி பதிலில் சொன்னதுதான். 2025 அக்டோபர் இறுதியில் தென்கொரியா, பழைய சில்லா அரசின் தங்கக் கிரீடத்தின் நகலை டிரம்புக்குக் கொடுத்தது. அதற்குச் சில நாள் முன்புதான் அமெரிக்க நகரங்களில் "மன்னர் வேண்டாம்" என்று பேரணி போயிருந்தார்கள். வேறு மாதத்தில் கொடுத்திருந்தால் கலைப்பொருளாகப் பேசப்பட்டிருக்கும்.

சீனர் வீட்டு விசேஷத்துக்குக் கடிகாரம் கொண்டுபோகாதேன்னு எங்கம்மா சொல்வாங்க. பெரிய ஆளுங்களுக்கு இது தெரியாதா?

தெரியாமல் நடந்திருக்கிறது. சீன மொழியில் கடிகாரம் கொடுப்பது என்று சொன்னால் இறுதிக் கடன் செய்வது என்பது போல் ஒலிக்கும்; அதனால் அதை அபசகுனமாக நினைப்பார்கள். 2015 ஜனவரியில் பிரிட்டிஷ் அமைச்சர் சூசன் கிரேமர், தைப்பே மேயர் கோ வென்ஜேவுக்குப் பாக்கெட் கடிகாரம் கொடுத்தார். மேயர் செய்தியாளர்களிடம் அதைப் பழைய இரும்புக் கடையில் போடலாம் என்பது போல் பேசிவிட்டார். அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். இருவரும் நாட்டுத் தலைவர்கள் இல்லை, ஆனால் செய்தி உலகம் முழுக்கப் போனது. உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

பாண்டாவை ஏன் திருப்பி அனுப்பினோம்? கொடுத்தது கொடுத்ததுதானே?

அது கொடுத்தது இல்லை, இரவல். 1972இல் நிக்சன் போய் வந்த பிறகு சீனா அமெரிக்காவுக்கு அனுப்பிய ஜோடி உண்மையான பரிசு. 1980களிலிருந்து சீனா பாண்டாக்களை இரவலாகத்தான் தருகிறது. மலேசியா சீனா உறவின் 40ஆம் ஆண்டுக்காக 2014 மே 21இல் நமக்கு வந்த சிங் சிங், லியாங் லியாங் இரண்டும் ஆண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் கட்டணத்தில் வந்தவை. இங்கே பிறந்த மூன்று குட்டிகளும் ஒப்பந்தப்படி சீனாவுக்கே போய்விட்டன.

பத்திரிகைகள் இதை இரண்டு பக்கமும் எழுதின. எம்எச்370 விமானம் காணாமல்போன துயரத்தில் சீனக் குடும்பங்கள் நம் அரசின்மேல் கோபமாக இருந்த நேரம் என்பதால் பாண்டாக்களின் வருகையே தள்ளிப்போனது. வந்த பிறகு, இவ்வளவு பணத்தை நம் காட்டு விலங்குகளுக்குச் செலவழித்திருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்வி என்றே நானும் நினைக்கிறேன்.

நம்ம செம்பனை எண்ணெய் வாங்குறவங்களுக்கு ஒராங் ஊத்தான் கொடுக்கப்போறதா மந்திரி சொன்னாரே, என்னாச்சு?

நம் ஊரில் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது; வீட்டுக்கு ஒருவராவது செம்பனையை நம்பிப் பிழைக்கிறோம். 2024 மே மாதம் தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சர் ஜொஹாரி அப்துல் கனி, பாண்டாவைச் சீனா கொடுப்பது போல் செம்பனை எண்ணெய் வாங்கும் பெரிய நாடுகளுக்கு ஒராங் ஊத்தான்களைப் பரிசளிக்கலாம் என்றார். காட்டை அழித்து விளைந்த பொருளை ஏற்கமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டிருந்தது. மலேசியா காட்டுயிரைக் காக்கிறது என்று காட்டுவதுதான் அமைச்சரின் எண்ணம்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் உடனே பிடித்துக்கொண்டன. செம்பனைக்காகக் காடு அழிந்ததில் வீடு இழந்த விலங்கையே செம்பனைக்கு விளம்பரமாக அனுப்புவதா என்று கேட்டன. உள்நாட்டு விலங்கு நல அமைப்புகளும் எதிர்த்தன. தாய் ஒராங் ஊத்தான் தன் குட்டியை ஆறேழு வருடம் கூடவே வைத்து வளர்க்கும். அதைப் பிரித்துப் பெட்டியில் ஏற்றுவது பற்றிப் படித்தபோது என்னால் அமைச்சரின் பக்கம் பேச முடியவில்லை. ஆகஸ்டில் அவரே திட்டத்தை மாற்றினார்: விலங்குகள் நாட்டைவிட்டுப் போகா, எண்ணெய் வாங்குபவர்கள் இங்குள்ள ஒராங் ஊத்தான்களின் பராமரிப்புக்குப் பணம் தரலாம்.

எழுதிய எதிர்ப்பு ஒரு முடிவை மாற்றியதற்கு இது நம் நாட்டு உதாரணம். ஒரு குறையும் உண்டு. அந்தக் கட்டுரைகளில் செம்பனைக் குலை அறுத்துச் சுமக்கிற ஆட்களின் குரலை நான் பார்க்கவேயில்லை. சந்தை சுருங்கினால் முதல் அடி அவர்களுக்குத்தான்.

உசுருள்ளதைப் பரிசாக் கொடுத்தா எப்பவும் வம்புலதான் முடியுமா?

எப்போதும் இல்லை. போருக்குப் பிறகு தோக்கியோவின் உயேனோ பூங்காவில் யானையே இல்லாதபோது ஜப்பானியப் பிள்ளைகள் நேருவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். 1949இல் அவர் தன் மகளின் பெயரைக் கொண்ட இந்திரா என்ற யானையை அனுப்பினார். அதன்மேல் ஜப்பான் காட்டிய அன்பு இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் உயிருக்குத் தினமும் தீனி வேண்டும், வைத்தியம் வேண்டும். படம் எடுத்தவர்கள் போன பிறகு அதை யார் பார்ப்பது? தாய்லாந்து 2001இல் இலங்கைக்குக் கொடுத்த யானை அங்கே முத்துராஜா என்ற பெயரில் ஒரு விகாரையில் இருந்தது. அது காலில் காயமும் உடம்பில் சீழ்க்கட்டியுமாக இருப்பது வெளியே தெரிந்ததும் தாய்லாந்து மக்கள் கொதித்தார்கள். 2023 ஜூலையில் விமானத்தில் திருப்பிக் கொண்டுபோனார்கள். தென்கொரியாவில் வேறு சிக்கல். 2018இல் வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன் கொடுத்த இரண்டு புங்சான் நாய்கள் சட்டப்படி அரசுச் சொத்து. பதவி முடிந்தும் அவற்றைத் தன் வீட்டில் வளர்த்த முன்னாள் அதிபர் மூன் ஜே-இன், செலவும் பொறுப்பும் யாருடையது என்ற தகராறில் 2022 நவம்பரில் ஒப்படைத்துவிட்டார். நாயை நட்டாற்றில் விட்டார் என்று ஒரு பக்கம், அரசு பேச்சு மாறியது என்று மறுபக்கம் எழுதித் தள்ளினார்கள்.

மரக்கன்று கொடுத்தா பிரச்சினையே இல்லல்ல?

நாற்றங்காலில் வேலை பார்த்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். ஜப்பான் 1910இல் வாஷிங்டனுக்கு அனுப்பிய 2,000 செர்ரி மரங்களில் பூச்சியும் புழுவும் இருந்ததால் எல்லாவற்றையும் எரித்தார்கள். இரு தரப்பும் அதை மானப் பிரச்சினை ஆக்காமல் பேசித் தீர்த்தன. 1912இல் 3,020 புது மரங்கள் போய்ச் சேர்ந்தன.

2018 ஏப்ரலில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன், முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் போரிட்ட காட்டிலிருந்து ஓக் கன்று கொண்டுவந்து டிரம்போடு சேர்ந்து வெள்ளை மாளிகையில் நட்டார். சில நாளில் கன்று அங்கே இல்லை. புல்வெளியில் மஞ்சள் வட்டம்தான் இருந்தது. நட்பு முறிந்ததா என்று செய்தி ஓடியது. நோய்த்தடுப்புக்காகக் கன்றைத் தனியே வைத்திருப்பதாகப் பிரெஞ்சுத் தூதர் விளக்கினார். அடுத்த ஆண்டு அது பட்டுப்போனது தெரிந்ததும் அதே ஊகங்கள் மறுபடி. வேறு மண்ணிலிருந்து வரும் கன்றை முதலில் தனிமைப்படுத்துவது விவசாய நடைமுறை. அதை முதல் நாளே ஒரு செய்தியாளர் விசாரித்திருக்கலாம்.

வாங்குன சாமானெல்லாம் கடைசியில யார் வீட்டுக்குப் போகுது?

கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறோமே, யார் எவ்வளவு வைத்தார்கள் என்று, அப்படி ஒரு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் இருக்கிறது. பட்டியலை அரசிதழில் அச்சிடுகிறார்கள். வாங்கியவர் பெயர், பொருள், தேதி, மதிப்பு, கொடுத்தவர் பெயர், பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று வரிசையாக வரும். இந்தியாவில் தோஷாகானா என்ற அரசுக் களஞ்சியத்தில் 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு உட்பட்டதை வைத்துக்கொள்ளலாம். பாகிஸ்தானில் இம்ரான் கான் 2023இல் தண்டனை பெற்றது, அந்த நாட்டுத் தோஷாகானாவிலிருந்து எடுத்து விற்ற பரிசுகளைச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்ற வழக்கில்தான். பக்கத்து இந்தோனேசியாவில் அப்போதைய அதிபர் ஜொக்கோவி, டென்மார்க் பிரதமர் 2017இல் கொடுத்த இசைத்தட்டுப் பெட்டியை ஊழல் தடுப்பு ஆணையத்திடம் அறிவித்தார். பிறகு 1 கோடியே 10 லட்சம் ருப்பியா கட்டித் தனக்கென்று எடுத்துக்கொண்டார். பத்திரிகைகள் மெச்சி எழுதின.

நம் நாட்டில் பிரதமராக இருந்த மகாதீருக்கு வந்த பரிசுகள் லங்காவியில் கலேரியா பெர்டானாவில் காட்சிக்கு இருக்கின்றன. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அரசு ஊழியர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை உண்டு. 2018இல் அமைச்சர்கள் பூ, பழம், உணவு மட்டும் வாங்கலாம் என்று அறிவித்தார்கள். அமெரிக்கப் பட்டியல் போல ஒன்று ஆண்டுதோறும் நம் கைக்கும் வர வேண்டும். பரிசின் விலையைப் பற்றி எழுதும் நம் பத்திரிகைகள் இதை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும்.

சங்கடமா இருந்தா வேணாம்னு சொல்லிட்டுப் போகலாமே?

முடியாது. மேலே சொன்ன அமெரிக்கப் பட்டியலில் ஏறக்குறைய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே காரணம் எழுதியிருக்கும்: மறுத்தால் கொடுத்தவருக்கும் அமெரிக்க அரசுக்கும் சங்கடம். வாங்கி, எழுதி, களஞ்சியத்தில் வைப்பதுதான் வழி.

தங்கச்சி, அந்த 2.6 பில்லியனும் அன்பளிப்புன்னுதானே சொன்னாங்க? அதையும் இதுல சேர்க்கலாமா?

சேர்க்கக்கூடாதுங்க அண்ணே. 2015 ஜூலையில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று, அப்போதைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் அந்த 2.6 பில்லியன் ரிங்கிட் வந்ததை வெளியிட்டது. 2016 ஜனவரியில் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் அது சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை என்றார். சொல்லிக்கொண்டபடியே எடுத்தாலும், நாட்டின் பெயரால் வரவில்லை, நாட்டின் களஞ்சியத்துக்கும் போகவில்லை. முதல் கேள்விக்குச் சொன்ன விளக்கத்தில் இது எங்குமே பொருந்தாது. எஸ்ஆர்சி, 1எம்டிபி என்ற அரசு நிறுவனங்களின் பணத்தைப் பற்றி நஜிப்மேல் நடந்த வழக்குகளில், 2020இல் எஸ்ஆர்சி வழக்கிலும் 2025 டிசம்பரில் 1எம்டிபி வழக்கிலும் உயர்நீதிமன்றம் அந்த நன்கொடைக் கதையை ஏற்கவில்லை.

தொடக்கத்தில் இதைத் துணிந்து எழுதிய உள்நாட்டுப் பத்திரிகைகள் விலை கொடுத்தன. 2015இல் "தி எட்ஜ்" இதழ்களுக்கு மூன்று மாத வெளியீட்டுத் தடை வந்தது. பின்னர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நல்ல பரிசு கொடுத்துக்கிட்டா உறவு நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தது நினைவிருக்கும். நாச்சியார்கோயில் அன்ன விளக்கு, தஞ்சாவூர் ஓவியம், சிறுமுகை நெசவாளர்கள் பட்டில் நெய்த ஷியின் உருவம் என்று எல்லாமே தமிழ்நாட்டுக் கைவேலை. தமிழ் நாளிதழ்கள் செய்தவர்களின் ஊருக்கே போய் எழுதின. பெஞ்சில் அதைச் சத்தம் போட்டு வாசித்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது.

எட்டு மாதத்தில், 2020 ஜூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் இரு படைகளும் மோதின. இந்திய வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். உறவை அளக்க வேண்டுமென்றால் எல்லையில் படை எங்கே நிற்கிறது, வணிகம் எப்படிப் போகிறது என்ற உள்பக்கச் செய்திகளைப் படியுங்கள். விளக்கைப் பற்றி வந்த செய்தியால் நாச்சியார்கோயில் பட்டறைகளைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். அந்தச் செய்தியிடம் அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.